பம்பரில் கீறல் விழுந்தால் முதலில் என்ன செய்வது: கை வைக்கும் முன்னும் கிளெய்ம் போடும் முன்னும்

கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் வரும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருக்கும் தூண் கண்ணில் படாது, டொக் என்று ஒரு சத்தம், இறங்கிப் பார்த்தால் பம்பர் மூலையில் நீளமாக ஒரு கோடு, பக்கத்தில் ஒரு ஒடுக்கு. வயிற்றைக் கலக்கும். அந்தப் பதற்றத்தில் சிலர் நின்ற இடத்திலிருந்தே இன்சூரன்ஸுக்குப் போன் போட்டுக் கிளெய்ம் பதிந்துவிடுகிறார்கள், இன்னும் சிலர் வீட்டுக்குப் போன கையோடு துணியையும் தின்னரையும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் படம், அப்புறம் பம்பருக்குப் பின்னால் என்ன ஆகியிருக்கிறது என்ற சோதனை, அப்புறம் கணக்கு, கடைசியில்தான் நாமே சரிசெய்வதா கிளெய்ம் போடுவதா என்ற முடிவு. உப்புத்தாளை ஒருமுறை வைத்துத் தேய்த்துவிட்டால் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்க வேண்டிய சேதம் அங்கே இருக்காது, கிளெய்ம் கேட்கும் வழி பெரும்பாலும் அதோடு அடைபட்டுவிடும். அதேபோல, கிளெய்ம் பதிந்துவிட்டு அப்புறம் கணக்குப் போட்டு வேண்டாம் என்று வாபஸ் வாங்கினாலும், சில நிறுவனங்களில் அது உங்கள் பேரில் பதிவாகவே இருக்கும். முடிவெடுக்க ஒரு நாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எத்தனை மணி நேரத்துக்குள், எத்தனை நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருக்கும், அதை மட்டும் அன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இடித்த இடத்திலேயே

யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிபட்டிருந்தால் பம்பரை மறந்துவிட்டு உதவியை அழையுங்கள், காவல்துறைக்கும் சொல்லுங்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை, சின்ன உரசல்தான் என்றால் போனை எடுத்துப் படம் எடுக்கத் தொடங்குங்கள். எல்லோரும் கீறலை மட்டும் கிட்டே போய் நாலு படம் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது போதாது. பத்தடி தள்ளி நின்று, நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று, எதில் இடித்ததோ அந்தத் தூண், சுவர் அல்லது இன்னொரு வண்டியில் பட்டிருக்கும் அடையாளம் ஒன்று, பிறகுதான் கிட்டத்தில். கிட்டத்தில் எடுக்கும்போது விரலையோ ஒரு நாணயத்தையோ பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். நேராக மட்டும் எடுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் பம்பர் மேல் வழுக்கிக்கொண்டு போகிற கோணத்தில் ஒன்று எடுங்கள். ஒடுக்கு அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள். கார்டு நிறைந்ததும் அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாளைக்கு அங்கே இருக்காது. நிறுத்தி வைத்திருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தால் பக்கத்தில் எங்கே கேமரா இருக்கிறது என்று பார்த்து, அன்றைக்கே போய்க் கேளுங்கள். அந்தக் கேமராக்களுக்கும் இதே கதைதான்.

இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தால் அவருடைய பெயர், தொடர்பு எண், வண்டி எண், இன்சூரன்ஸ் நிறுவனம், பாலிசி எண் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உங்களுடையதையும் கொடுங்கள். தப்பு யாருடையது என்று அங்கேயே நின்று வாதம் செய்ய வேண்டாம், எல்லாம் என் தப்புதான் என்று எழுதியும் கொடுக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். இங்கேயே கொஞ்சம் பணம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்று எதிராளி நீட்டினால் வாங்கிவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். நீங்கள்தான் நின்றிருந்த வண்டியை இடித்தீர்கள், உரிமையாளர் அங்கே இல்லை என்றால் உங்கள் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைக் கண்ணாடியில் செருகிவிட்டு வாருங்கள். சொல்லாமல் போவது பல நாடுகளில் குற்றம், அதைவிட அது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. முன்பம்பர் அடிபட்டிருந்தால் ஸ்டியரிங்கை இடக்கடைசி வரைக்கும் வலக்கடைசி வரைக்கும் திருப்பி, பம்பரோ சக்கரத்தை ஒட்டிய உள் பிளாஸ்டிக் உறையோ டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ஓட்டாதீர்கள். தொங்கினால் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டி மெதுவாக வீடு வரை போகலாம், அதற்குமேல் அதை நம்பி வேகம் எடுக்க வேண்டாம்.

வெளியே தெரிவது தோல் மட்டும்தான்

பம்பர் என்று நாம் கை வைத்துத் தடவுவது வெறும் உறை. பெரும்பாலான கார்களில் அது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் ரப்பர் தன்மை சேர்த்துச் செய்தது. உறையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் பிபி (பாலிபுரொப்பிலீன்), இபிடிஎம் (ரப்பர்) என்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். அதற்குப் பின்னால் அடியை வாங்கிக்கொள்ளும் ஃபோம் அல்லது தேன்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதற்கும் பின்னால் இரும்பிலோ அலுமினியத்திலோ குறுக்கு விட்டம். அந்த விட்டத்தை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கும் இரண்டு பெட்டிகள் மோதலில் நசுங்குவதற்கென்றே வைத்தவை. உண்மையான காப்பு இந்த உள்பகுதிகளில்தான் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உறை வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் என்பதால் அடிபட்டதும் உள்ளே போய்விட்டுத் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பி வந்துவிடும். ஃபோம் அப்படித் திரும்பாது, உறையைப் பிடித்திருக்கும் கிளிப்பும் திரும்பாது. அதனால் வெளியே ஒரு கீறல்தானே என்று தோன்றுகிற இடத்தில் உள்ளே இரண்டு மூன்று பாகங்கள் உடைந்திருக்கலாம். வழியில் வைத்தே காசு வாங்கி முடித்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். வாங்கியபின் உள்ளே உடைந்தது தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

எனக்கு நடந்தது இது. பின்பம்பரின் இடது மூலை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல். பாலிஷ் போட்டால் போய்விடும் என்று நினைத்தேன், போயும் விட்டது. ஆனால் சக்கர வளைவுக்குப் பக்கத்தில் பம்பரும் பாடியும் சேருகிற இடைவெளியில் வலது பக்கம் விரல் நகம் நுழையவில்லை, இடது பக்கம் நகம் முழுக்க உள்ளே போனது. அதைப் பார்த்தும் நான் விட்டுவிட்டேன். சில நாள் கழித்து நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் அந்த மூலை படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உறையைக் கழற்றியபோது பம்பர் ஓரத்தைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டின் இரண்டு நாக்குகள் முறிந்து, பம்பருக்குள்ளேயே விழுந்து கிடந்தன. மாற்றுவது பெரிய வேலை இல்லை. அன்றைக்கே அந்த இடைவெளியை மதித்திருந்தால் நடுவழியில் வண்டியை ஓரம் கட்டி நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆகவே வண்டியைக் கழுவி, நல்ல பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கள். கட்டைவிரலால் பம்பரைப் பல இடங்களில் அழுத்துங்கள். ஒரே உயரத்தில் இடதும் வலதும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ள வேண்டும், ஒரு இடம் மட்டும் சவசவ என்று உள்ளே போனால் பின்னால் ஏதோ உடைந்திருக்கிறது. டிக்கியோ பானட்டோ முன்பு போலவே மூடுகிறதா, மூடியபின் இரு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறியிருந்தால் அடி பம்பரைத் தாண்டிப் போயிருக்கிறது, அதற்கு மேல் வீட்டு வேலை என்ற பேச்சே வேண்டாம். முன்பக்கம் இடித்திருந்தால் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அங்கேதான் இருக்கின்றன. வண்டியை ஓடவிட்டு நிறுத்தி, கீழே ஒரு அட்டையை விரித்து வைத்து மறுநாள் காலை ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஏசியிலிருந்து சொட்டுகிற சுத்தமான தண்ணீர் பரவாயில்லை. நிறமுள்ள, வழவழப்பான எதுவும் பரவாயில்லை என்று விடக் கூடியதில்லை.

பார்க்கிங் சென்சார் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரிவர்ஸில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி நீங்கள் இருக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு சென்சாருக்கும் முன்னால் கையை மட்டும் நீட்டிக் காட்டினால் எது பேசவில்லை என்று தெரிந்துவிடும். சரிவான இடத்தில் இதைச் செய்யாதீர்கள். புதிய கார்களில் முன்பம்பருக்குப் பின்னாலும், பின்பம்பரின் இரு மூலைகளுக்குள்ளும் ரேடார் வைத்திருப்பார்கள்; தானாகப் பிரேக் போடுவதும், குருட்டுப் பகுதியில் வண்டி வருகிறது என்று சொல்வதும் இதை வைத்துத்தான். ரேடாருக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கில் பட்டி பூசினாலோ பெயிண்ட் தடிமன் ஏறினாலோ அது சரியாகப் பார்க்காது. பல தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியில் பட்டி வேலையே கூடாது என்கிறார்கள். உங்கள் காரில் இந்த வசதி இருந்து அடியும் அந்த இடத்தில்தான் என்றால் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

இப்போது கணக்கு

இதற்கு ஒரு பேனாவும் பாலிசித் தாளும் வேண்டும். முதலில் உங்களிடம் இருப்பது உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கும் பணம் தருகிற பாலிசியா, மூன்றாம் நபருக்கு மட்டுமானதா என்று பாருங்கள். மூன்றாம் நபருக்கு மட்டும் என்றால் நீங்களாகத் தூணில் இடித்ததற்கு ஒன்றும் கிடைக்காது, கணக்கும் இங்கேயே முடிந்துவிடுகிறது.

சொந்த சேதத்துக்கும் உண்டு என்றால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று டிடக்டபிள், சில நாடுகளில் எக்ஸஸ் என்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் பங்காக நம் கையிலிருந்து போகிற தொகை. பிரீமியம் குறையட்டும் என்று நாமாகவே கூடுதலாக ஒரு தொகையை ஏற்றுக்கொண்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது தேய்மானம். சில பாலிசிகளில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு விலையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள், பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக் என்பதால் இது நன்றாகவே கடிக்கும். தேய்மானம் பிடிக்காத துணைப் பாலிசி வாங்கியிருந்தால் தப்பித்தீர்கள். மூன்றாவது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வெறும் எண்களாக ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பழுதுச் செலவு 100, டிடக்டபிள் 30, ஆக இன்சூரன்ஸ் தருவது 70. உங்கள் சொந்த சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 200, இத்தனை ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதால் அதில் 40 சதவீதம் தள்ளுபடி, அதாவது 80. கிளெய்ம் போட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும் என்று வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு மட்டும் 80 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். 70 வாங்கி 80 கட்டுவது முதல் ஆண்டிலேயே நஷ்டம். தள்ளுபடி பழைய அளவுக்கு ஏறிவர இன்னும் சில ஆண்டுகள் ஆகும், அந்த வித்தியாசம் ஒவ்வொரு ஆண்டும் இதன்மேல் கூடிக்கொண்டே போகும். இதே அடியில் ஹெட்லைட்டும் உடைந்து செலவு 500 என்று வந்தால் கையில் வருவது 470, அப்போது யோசிக்காமல் கிளெய்ம் போடலாம். உங்கள் எண்களை வைத்து இதையே ஒருமுறை போடுங்கள், பத்து நிமிட வேலை. ஒரு கிளெய்மால் தள்ளுபடி போகாத மாதிரிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சிலர் அதற்குப் பணம் கட்டிவிட்டு மறந்தே போயிருப்பார்கள்.

தப்பு முழுக்க எதிராளியுடையது என்றால் கணக்கு வேறு. அவருடைய இன்சூரன்ஸிலிருந்து கேட்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். அது நடந்தால் உங்கள் போனஸுக்குப் பாதிப்பு இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று, கிளெய்ம் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் இன்னொரு வண்டியோ ஆளோ சம்பந்தப்பட்டிருந்தால் உங்கள் நிறுவனத்துக்கு நடந்ததைத் தெரிவித்துவிடுங்கள், கிளெய்ம் கேட்கவில்லை, தகவலுக்காக மட்டும் என்று தெளிவாக எழுதி. எதிராளி மூன்று மாதம் கழித்துப் பெரிய தொகை கேட்டு வந்தால், சம்பவத்தைச் சொல்லவே இல்லையே என்று உங்கள் நிறுவனம் கையை விரிக்க இடம் கொடுக்கக் கூடாது. வண்டி கடனிலோ குத்தகையிலோ இருந்தால் அந்த ஒப்பந்தத்தையும் பாருங்கள், பழுது எங்கே பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கலாம்.

நாமே சரிசெய்வது என்றால்

நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் கீறல் கலருக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் மட்டும்தான். அது 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது, ஆனாலும் பாலிஷ் வேலைக்கு அது போதும். நகம் மாட்டிக்கொண்டால் கலர் வரை போயிருக்கிறது. கீறலுக்குள் கறுப்போ சாம்பலோ தெரிந்தால் அடிப்பூச்சான பிரைமரும் பிளாஸ்டிக்குமே வெளியே வந்துவிட்டது.

பார்க்கப் பயங்கரமாக இருக்கும் பல கீறல்கள் உண்மையில் கீறலே இல்லை, தூணின் பெயிண்ட் நம் பம்பரில் ஒட்டிக்கொண்டது. ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து, வட்டமாகத் தேய்க்காமல் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஒட்டிய நிறம் துணிக்கு வந்துவிடும். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள், குறிப்பாக விளிம்புகளில் கிளியர் கோட் இன்னும் மெல்லியதாக இருக்கும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கிட்டேயே வரக் கூடாது. அவை ஒட்டிய பெயிண்ட்டோடு நம்முடையதையும் கரைக்கும். எல்லாம் வந்தபின் மெல்லிய பாலிஷ், அதன்மேல் வேக்ஸ். அவ்வளவுதான்.

ஒடுக்குக்கு வருவோம். மடிப்பு இல்லாமல், கிண்ணம் மாதிரி உள்ளே போயிருக்கும் ஒடுக்கு வெந்நீரிலேயே வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் சூட்டில் இளகும் என்பதுதான் இதன் அடிப்படை. ஹீட் கன் வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு வெந்நீர்தான் பிடிக்கும், காரணம் என்னவென்றால் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரிதான், பாலிபுரொப்பிலீன் உருகுவது ஏறக்குறைய 160 டிகிரியில். ஹீட் கன் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடும், பெயிண்ட் கொப்புளித்துவிட்டால் ஒடுக்கு போய்ப் பெரிய வேலை வந்து சேரும்.

ஒரு கெட்டில் நிறையக் கொதிக்க வைத்து, தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒடுக்கின் மேலும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும் மெதுவாக ஊற்றுங்கள். நடுவில் மட்டும் ஊற்றினால் வராது, ஒடுக்கின் ஓரத்தில்தான் பிளாஸ்டிக் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊற்றிய கையோடு கீழிருந்தோ சக்கர வளைவின் உறையை விலக்கியோ பின்பக்கம் கையை விட்டு, விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையை வைத்துத் தள்ளுங்கள். முதல் தடவை ஒன்றும் நடக்காது. இரண்டாவது மூன்றாவது தடவை ஊற்றும்போது கைக்குக் கீழே அது கொஞ்சம் நெகிழ்வது தெரியும், அப்புறம் திடீரென்று பொக்கென்ற சத்தத்தோடு வெளியே வந்துவிடும். உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். சென்சாரும் அதன் வயர் இணைப்பும் இருக்கும் இடத்தில் நேராக ஊற்றாதீர்கள். பின்பக்கம் கை போக வழியில்லை என்றால் கண்ணாடி தூக்குகிற மாதிரி உறிஞ்சுக் கப்பை வெளியே ஒட்டி இழுக்கலாம். மடிப்பு விழுந்த ஒடுக்கு இதில் முழுதாகப் போகாது, கோடு நிற்கும். அதற்கு பட்டியும் பெயிண்ட்டும்தான்.

பெயிண்ட் வேலை பொறுமையைக் கேட்கும். முதலில் கலர் கோடு, அதாவது உங்கள் காரின் நிறத்துக்கான குறியீடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பானட்டுக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த எழுத்தும் எண்ணும் இருக்கும். வெள்ளை என்று கேட்டு வாங்காதீர்கள், வெள்ளையில் எத்தனையோ வெள்ளை. சாதாரண நிறம் என்றால் முயலலாம். மெட்டாலிக் கொஞ்சம் கஷ்டம். முத்து மினுமினுப்பு உள்ள மூன்று அடுக்கு நிறம் என்றால் கடைக்கே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அதில் ஒரு பூச்சு கூடினாலே சாயல் மாறிவிடும்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப்பும் தாளும் ஒட்டி, வேக்ஸையும் எண்ணெயையும் நீக்கும் திரவத்தால் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் எண்ணெய் கீறலுக்குள்ளேயே போய் உட்கார்ந்து, பெயிண்ட் அடிக்கும்போது அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகத் தெரியும். கீறலின் ஓரங்களை 320, 400 நம்பர் தாளால் சரிவாக்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் படி தெரியாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆழமாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கான வளையும் பட்டியைப் பூசுங்கள், தகரத்துக்கான பட்டி வேண்டாம், பம்பர் வளையும்போது அது வெடித்துவிடும். பட்டி காய்ந்ததும் 180, 240-ல் வடிவம் கொண்டுவந்து 400-ல் முடியுங்கள்.

பிளாஸ்டிக் வெளியே தெரிகிற இடத்தில் நேராகப் பிரைமர் அடித்தால் அது சில மாதத்தில் தோல் மாதிரி உரிந்துவரும். பாலிபுரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதற்கென்றே பிளாஸ்டிக் அட்ஹீஷன் புரமோட்டர் என்று ஒரு டப்பா இருக்கிறது, அதை மெல்லியதாக ஒரு பூச்சு அடித்துவிட்டு, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் பிரைமரை அடிக்க வேண்டும். பம்பர் பெயிண்ட் உரிந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், இந்த ஒரு பூச்சை விட்டிருப்பார்கள்.

பிரைமர் காய்ந்ததும் 600, 800 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அப்புறம் கலர். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஏறக்குறைய ஒரு சாண், 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பம்பரின் ஒரு ஓரத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மறு ஓரத்தைத் தாண்டியபின் விரலை எடுங்கள். நடுவில் தொடங்கினால் அங்கே சொட்டு விழும். முதல் பூச்சு புகைமூட்டம் மாதிரி, அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் மூடிவிட ஆசை வரும், வழிந்துவிடும். பூச்சுக்குப் பூச்சு பத்து நிமிடம் விட்டு மூன்று பூச்சு, அப்புறம் இரண்டு மூன்று பூச்சு கிளியர். மழையும் காற்றும் கொளுத்தும் வெயிலும் இல்லாத நாளாகப் பாருங்கள். ஹார்டனர் கலந்த கிளியர் டப்பா நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, தூசிக்குப் போடுகிற துணி முகக்கவசம் அதற்குப் போதவே போதாது. குழாய் வழியே சுத்தமான காற்று தருகிற முகமூடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். மறுநாள் வரை காயவிட்டு, டப்பாவில் சொன்ன நேரம் ஆனபின் 2000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து பாலிஷ் போட்டால் பழைய பெயிண்ட்டோடு சேர்ந்துவிடும். ஒரு மாதம் வேக்ஸ் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும்.

விரிசல் என்றால் சூப்பர் க்ளூவை எடுக்காதீர்கள், இந்தப் பிளாஸ்டிக்கில் அது நிற்காது. விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, பின்பக்கத்திலிருந்து சூடான ஊசியைப் பதித்துத் தைப்பார்கள், அல்லது அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்வார்கள். இதைக் கையால் கற்றுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் காரின் பம்பரில் கற்றுக்கொள்ளாதீர்கள், உடைந்த பம்பர் துண்டு ஒன்றை வாங்கிப் பழகுங்கள்.

கிளெய்ம் என்று முடிவானால்

பம்பரில் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் தரும் கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரிடம் எந்த நேரத்தில் பேசினீர்கள் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். போனில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால் பின்னால் பேச்சு மாறாது.

எப்படி நடந்தது என்று கேட்பார்கள். நடந்தது நடந்தபடி, நடந்த தேதியில். பழைய கீறல் ஒன்று வலது மூலையில் இருக்கிறது, புதியது இடது மூலையில், இரண்டையும் ஒரே விபத்து என்று சொல்லிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அடி எந்தத் திசையிலிருந்து வந்தது, கீறலில் அழுக்கு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் சர்வேயர் ஒரு பார்வையில் படித்துவிடுவார், கிளெய்ம் மொத்தமும் போய்விடும், உங்கள் பேரில் பொய்க் கிளெய்ம் என்ற பதிவும் ஏறும். இரண்டு சம்பவம் என்றால் இரண்டு கிளெய்ம், இரண்டு டிடக்டபிள்.

நிறுவனத்தோடு நேரடி ஏற்பாடு உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். வெளியே உங்களுக்குப் பழக்கமான இடம் என்றால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும், அங்கே வேலை பார்க்க நிறுவனம் சம்மதிக்கிறதா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்: எதை மாற்றுகிறார்கள், எதைச் சரிசெய்கிறார்கள், எது உங்கள் கையிலிருந்து. சின்னக் கீறலுக்குப் பம்பர் முழுக்க மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில சமயம் அதற்கு நியாயமான காரணம் இருக்கும், நாக்குகள் உடைந்திருக்கும், ரேடார் பகுதியாக இருக்கும்.

சர்வேயர் வரும்போது முடிந்தால் நீங்களும் போய் நில்லுங்கள். நீங்கள் பார்த்து வைத்த இடைவெளியை, சவசவ என்று போன இடத்தை, பேசாத சென்சாரைக் கையால் காட்டுங்கள். உறையைக் கழற்றியபின் உள்ளே புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, படம் எடுத்து, கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி ஒப்புதல் வந்தபின்தான் தொடர வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஒப்புதல் இல்லாமல் மாற்றிவிட்டால் அந்தப் பாகத்தின் காசு உங்கள் தலையில் விழும்.

தொகை குறைத்துத் தந்தாலோ மறுத்தாலோ பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். அந்த விதியை எடுத்துப் படித்துவிட்டு, உங்கள் படங்களோடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் பல நாடுகளில் இதற்கென்றே குறைதீர்ப்பாளர் அமைப்பு இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு முதல் நாள் எடுத்த அந்தப் படங்கள்தான் கை கொடுக்கும்.

வண்டியைத் திரும்ப எடுக்கப் பகலில் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் நிற வித்தியாசம் தெரியாது, வெளியே கொண்டுவந்து பம்பரையும் பக்கத்துப் பாடியையும் நேராகவும் சாய்ந்தும் பாருங்கள். இரண்டு பக்க இடைவெளியில் நகத்தை விட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்துங்கள், சென்சார்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், பனி விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். ரேடார் உள்ள வண்டி என்றால் அது சரியாகப் பார்க்கிறதா என்று அளந்து சரிப்படுத்திய, அதாவது கேலிப்ரேஷன் செய்த தாளைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வேலை திருப்தி என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை முதலிலேயே நீட்டுவார்கள், இதெல்லாம் பார்த்து முடித்தபின் போடுங்கள்.